ஒரு பிழையை எத்தனை முறை சொல்வது?

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்க முடியுமா? முடியும். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகும் தகவல் முழுசாகப் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டே போகிறது. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்து, கோப்பில் சேமித்து, பிரித்துப் படித்துக் காட்டுவதே இந்த மென்பொருள்களின் வேலை. டிசிபிடம்ப், வயர்ஷார்க் இரண்டும் இவற்றில் மிகவும் பெயர் பெற்றவை. இரண்டுமே இலவசம், இரண்டின் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு அலுவலகத்தில் சர்வர் பதில் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் "எங்கள் பக்கம் தவறில்லை" என்பார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். இந்தச் சண்டைக்குக் கடைசிச் சாட்சி பிடித்து வைத்த பாக்கெட்தான். கேள்வி போனதா, பதில் வந்ததா, வந்தால் எத்தனை மில்லிசெகண்டில் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சரி, அந்தச் சாட்சியே குழப்பிப் பேசினால்? நடந்த ஒன்றை மூன்று விதமாகச் சொன்னால்? தேவையில்லாததைப் பற்றி ஆயிரம் வரி பேசிவிட்டு, முக்கியமான ஒரு வரியை அதற்குள் புதைத்துவிட்டால்?

பாக்கெட் பிடிக்கும் மென்பொருள்களுக்கு இரண்டு பழைய நோய்கள் உண்டு. ஒரே நிரல் பல இடங்களில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருப்பது முதலாவது. பிழைச்செய்திகள் அளவுக்கு மீறிக் கொட்டுவது இரண்டாவது. இவை தனித்தனி நோய்கள் போலத் தெரியும். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு வேலைக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யாமல் விட்டது. ஆகவே இவற்றைச் சரிசெய்வதை வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலையாக நினைப்பது தவறு. சாட்சி உண்மை பேசுமா என்பதே இதில்தான் இருக்கிறது.

நல்ல தொடக்கம்

1980களின் இறுதியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வான் ஜேகப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் டிசிபிடம்ப்பை எழுதினார்கள். அப்போது ஒரு சிக்கல் இருந்தது. பாக்கெட்டைப் பிடிக்கும் முறை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். ஒவ்வொரு கருவியும் எல்லா இயங்குதளங்களுக்கும் தனித்தனியாக நிரல் எழுதினால் என்ன ஆகும்? அதே வேலையைப் பத்துப் பேர் பத்து விதமாகச் செய்வார்கள்; பத்து விதமாகத் தவறும் செய்வார்கள்.

ஆகவே பிடிக்கும் பகுதியை மட்டும் தனியே பிரித்து லிப்பீகேப் என்ற நூலகமாக ஆக்கினார்கள். இன்று டிசிபிடம்ப், வயர்ஷார்க், என்மேப், ஸ்னார்ட் என்று பல கருவிகள் இதன் தோளில்தான் நிற்கின்றன. 1998ல் ஜெரால்ட் கோம்ஸ் எதீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006ல் பெயர் மாற்றப்பட்ட மென்பொருள்தான் வயர்ஷார்க். அதுவும் இந்த நூலகத்தைத்தான் பயன்படுத்தியது. சேமிக்கும் கோப்பின் வடிவமும் பொதுவானது: தொடக்கத்தில் 24 பைட் தலைப்பு, பிறகு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட் தலைப்பு. அதனால்தான் ஒரு கருவி பிடித்ததை இன்னொரு கருவி திறக்க முடிகிறது. நகலைத் தவிர்த்ததால் கிடைத்த லாபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நகல் தனி வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே குடும்பத்தில் உதாரணம் உண்டு. இத்தாலியின் டூரின் நகரில் உள்ள பொலிடெக்னிக்கில் உருவான வின்பீகேப், லிப்பீகேப்பை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. ஆனால் மூல நூலகம் தொடர்ந்து வளர, வின்பீகேப்பில் இருந்த பிரதி பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. 2013ல் வந்த 4.1.3 தான் அதன் கடைசிப் பதிப்பு. பிறகு என்மேப் குழுவினரின் என்பீகேப் அந்த இடத்தைப் பிடித்தது. பிரதி எடுத்த நாளிலிருந்தே அதற்கு வயது ஏற ஆரம்பித்துவிடுகிறது. மூலத்தில் திருத்தியதெல்லாம் பிரதியில் தானாகத் திருந்திவிடாது.

ஒரே சோதனை ஆயிரம் இடத்தில்

பிடிக்கும் வேலை பொதுவாகிவிட்டது. ஆனால் பிடித்ததைப் படித்துக் காட்டும் வேலை அப்படி இல்லை. டிசிபிடம்ப்பில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் தனித்தனி நிரல் கோப்பு உண்டு. பல ஆண்டுகளில் பலர் எழுதியவை அவை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கடமை இருந்தது. ஒவ்வொரு முறை பாக்கெட்டிலிருந்து சில பைட்டுகளைப் படிப்பதற்கு முன்னும், அத்தனை பைட்டுகள் உண்மையிலேயே கையில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

ஏன் இந்தச் சோதனை? பாக்கெட் தன்னைப் பற்றிச் சொல்லும் நீளத்தை நம்ப முடியாது. "என்னுள் 100 பைட் இருக்கிறது" என்று சொல்லும் பாக்கெட்டில் 60 தான் இருக்கலாம். பிடிக்கும்போதே பாதியில் வெட்டப்பட்டிருக்கலாம். அல்லது யாராவது வேண்டுமென்றே பொய் நீளத்தை எழுதி அனுப்பியிருக்கலாம். சோதிக்காமல் படித்தால் நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் கை விடும். அங்கேதான் பாதுகாப்பு ஓட்டை பிறக்கிறது.

சோதனையைச் செய்ய டிசிபிடம்ப்பில் சிறு கருவிகள் இருந்தன. ஆனால் அவற்றை அந்தந்த இடத்தில் எழுத மறக்காமல் இருப்பது ஒவ்வொரு நிரலரின் பொறுப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் என்றால் மனிதர்கள் சில இடங்களில் மறப்பார்கள். மறந்தார்கள். 2017 செப்டம்பரில் வந்த 4.9.2 பதிப்பில், பதிவு எண் பெற்ற பாதுகாப்புக் குறைகளாக 80க்கும் மேற்பட்டவை திருத்தப்பட்டன. பெரும்பாலானவை ஒரே ரகம்: எல்லையைத் தாண்டிப் படித்தல். வேறு வேறு கோப்புகள், வேறு வேறு நெறிமுறைகள், ஆனால் ஒரே தவறு!

எண்பது ஓட்டைகளை எண்பது முறை அடைப்பது ஒரு வழி. 2020 டிசம்பர் கடைசியில் வந்த 4.99.0 பதிப்பு அடுத்த வழிக்குப் போனது. பைட்டைப் படிக்கும் செயலுக்குள்ளேயே எல்லைச் சோதனையை வைத்துவிட்டார்கள். போதுமான பைட் இல்லையென்றால் நிரல் அங்கிருந்து ஒரே ஒரு பொதுவான இடத்துக்குத் தாவும். அங்கே "இந்த நெறிமுறையில் பாக்கெட் பாதியில் முடிந்துவிட்டது" என்பதற்கான ஒரு குறுகிய அடையாளம் அச்சாகும். அவ்வளவுதான். இனி நெறிமுறை எழுதுபவர் சோதனையை மறக்க முடியாது, ஏனென்றால் நினைவில் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

வயர்ஷார்க் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தது. அதில் பாக்கெட்டின் பைட்டுகளை நேரடியாகத் தொடுவதற்குப் பதில், எல்லை தெரிந்த ஒரு பெட்டகம் வழியாகவே நெறிமுறை நிரல்கள் படிக்கின்றன. எல்லை தாண்டினால் பெட்டகமே தடுத்து நிறுத்தி, அந்தப் பாக்கெட்டுக்கு "அமைப்பு தவறியது" என்று ஒரு முத்திரை குத்திவிடும். நெறிமுறைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் முத்திரை ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது இது. நிரலில் இருந்த நகலைக் குறைத்ததும் பிழைச்செய்தியும் தானாகவே ஒரே மாதிரி ஆகிவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்று என்று மேலே சொன்னதற்கு இதுவே சான்று.

மூன்று பேர் சொன்ன ஒரே செய்தி

இதற்கு நேர் எதிரான காட்சியை எந்தக் கல்லூரிப் புராஜெக்ட் நிரலிலும் பார்க்கலாம். நெட்வொர்க் கார்டைத் திறக்க அனுமதி இல்லை. கார்டைத் திறக்கும் செயல்பாடு "திறக்க முடியவில்லை" என்று அச்சிடும். அதை அழைத்த செயல்பாடு "பிடிப்பைத் தொடங்க முடியவில்லை" என்று அச்சிடும். அதையும் அழைத்த செயல்பாடு "உள் பிழை" என்று அச்சிட்டு முடித்துக்கொள்ளும். நடந்தது ஒன்று; லாக்கில் மூன்று வரி. படிப்பவர் மூன்று கோளாறு என்று நினைப்பார். அதைவிடக் கொடுமை, அனுமதி இல்லை என்ற உண்மையான காரணம் அந்த மூன்று வரியிலும் இருக்காது!

லிப்பீகேப் இங்கே கடைப்பிடிக்கும் ஒழுக்கம் பாராட்டத்தக்கது. நூலகத்துக்குள் ஏதாவது தவறினால், அது திரையில் எதையும் எழுதுவதில்லை. அழைத்தவர் கொடுத்த 256 பைட் இடத்தில் காரணத்தை எழுதி வைத்துவிட்டு, "தவறிவிட்டது" என்று மட்டும் திருப்பிச் சொல்கிறது. அதைக் காட்டுவதா, மறைப்பதா, எங்கே காட்டுவது என்பதை அழைத்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். காரணம் தெரிந்தவர் எழுதுகிறார். பயனரோடு பேசுபவர் காட்டுகிறார். இருவரும் ஒரு முறைதான்.

அந்த நூலகத்துக்குள்ளும் ஒரு நகல் இருந்தது. ஒவ்வொரு தோல்வியிலும் "என்ன செய்தபோது தவறியது" என்பதையும், இயங்குதளம் தந்த பிழை எண்ணுக்கான விளக்கத்தையும் ஒட்டி ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். ஒட்டும் அந்த வேலை நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. பிற்பாடு அதற்கென்றே ஒரு செயல்பாடு எழுதப்பட்டு, பழைய இடங்கள் எல்லாம் அதை அழைக்கும்படி மாற்றப்பட்டன. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் பிழைச்செய்தியின் வடிவத்தை இனி ஒரே இடத்தில் திருத்தலாம்.

சத்தத்தின் கணக்கு

சில வரிகள் கூடுதலாக வந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு.

விநாடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பில், மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால், ஒரு விநாடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் பாக்கெட் ஓடலாம். அவற்றில் நூற்றுக்கு ஒன்று கோளாறானது, ஒவ்வொரு கோளாறுக்கும் லாக்கில் 100 பைட் நீளத்தில் ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 14,880 வரி. ஒரு மணி நேரத்தில் 5 கிகாபைட்டுக்கும் மேல் லாக் மட்டும்! இதை எந்த மனிதன் படிப்பான்?

படிக்காவிட்டால் போகட்டும் என்று விடவும் முடியாது. அந்த வரிகளை வட்டில் எழுத நேரம் ஆகும். அந்த நேரத்தில் புதிய பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். லினக்ஸில் லிப்பீகேப் வழக்கமாக ஒதுக்கும் இடைத்தேக்கம் 2 மெகாபைட். கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் விநாடிக்கு 125 மெகாபைட் வரும். அதாவது 16 மில்லிசெகண்டில் தேக்கம் நிரம்பிவிடும். நிரம்பியபின் வருவதைக் கெர்னல் கீழே போட்டுவிடும். கோளாறைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்ததாலேயே நல்ல பாக்கெட்டுகள் தவறிப்போகின்றன. புகார் எழுதுவதில் மும்முரமாக இருந்த காவலாளியின் முதுகுக்குப் பின்னால் திருடன் போன கதைதான்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. தொலைவில் உள்ள கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, வடிகட்டி எதுவும் போடாமல் டிசிபிடம்ப்பை ஓட்டினால், அது திரையில் காட்டும் ஒவ்வொரு வரியும் நெட்வொர்க் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வரியைச் சுமந்து வரும் பாக்கெட்டையும் டிசிபிடம்ப் பிடிக்கும். அதற்கு ஒரு வரி அச்சிடும். அந்த வரிக்கு இன்னொரு பாக்கெட்! அனுபவம் உள்ளவர்கள் 22ம் எண் போர்ட்டை விலக்கிவிட்டே ஓட்டுவார்கள். பிழைச்செய்திகளை நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வருக்கு அனுப்பும் மென்பொருளுக்கும் இதே கதி நேரலாம். இங்கே மென்பொருளின் சத்தம் அது அளக்கும் பொருளையே கெடுத்துவிடுகிறது.

பொய்யான அபாய மணி

வயர்ஷார்க்கைப் புதிதாகப் பழகியவர்களைப் பல காலம் பயமுறுத்திய ஒன்று சரிபார்ப்புத் தொகைப் பிழை. தன் கணினியிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகள் எல்லாம் தவறு என்று திரை காட்டும். நெட்வொர்க்கே பழுது என்று நினைக்கத் தோன்றும். உண்மை என்னவென்றால், இந்தக் காலத்து நெட்வொர்க் கார்டுகள் சரிபார்ப்புத் தொகையைத் தாங்களே கடைசி நேரத்தில் கணக்கிட்டு எழுதுகின்றன. வயர்ஷார்க் பாக்கெட்டைப் பார்ப்பதோ கார்டுக்குப் போவதற்கு முன்னால். அப்போது அந்த இடத்தில் சரியான எண் இருக்காது. வெளியே போகும்போது பாக்கெட் சரியாகத்தான் போகிறது.

பிற்காலப் பதிப்புகளில் டிசிபியின் இந்தச் சோதனை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். சத்தத்தைக் குறைக்கும் சரியான முறை இதுதான். முதலில் அது ஏன் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் பொய் என்று தெரிந்தது. பிறகு அணைத்தார்கள், ஆனால் கதவைப் பூட்டிவிடவில்லை.

மௌனமும் குற்றமே

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சத்தம் அதிகம் என்று சொன்னவுடன் லாக் வரிகளையெல்லாம் அழித்துவிட்டு "சுத்தம் செய்துவிட்டேன்" என்று சொல்பவர்களும் உண்டு. கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு பொருந்தாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவார்கள். அது தற்காலிக ஏற்பாடு. அங்கே ஒரு தொகை நிற்கிறது என்பதே பிழை இருப்பதன் அறிவிப்பு. அந்தக் கணக்கையே கிழித்தெறிந்துவிட்டு "கணக்கு சரியாகிவிட்டது" என்று சொன்னால் எந்தத் தணிக்கையாளராவது ஒப்புக்கொள்வாரா?

சொல்லாமல் விடுவதற்கும் எண்ணிச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டிசிபிடம்ப்பை நிறுத்தும்போது கடைசியில் வரும் மூன்று வரிகள் இதற்கு அழகான உதாரணம்: எத்தனை பாக்கெட் பிடிக்கப்பட்டது, வடிகட்டிக்கு எத்தனை வந்தது, கெர்னல் எத்தனையைத் தவறவிட்டது. தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருந்தால் மேலும் பல தவறியிருக்கும். ஓர் எண்ணிக்கை போதும். வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் போல, பிடித்து வைத்த கோப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அந்த மூன்று வரியே சொல்லிவிடும். மூன்றாவது எண் பூஜ்யம் இல்லையென்றால், "சர்வர் பதிலே அனுப்பவில்லை" என்று யாரும் அடித்துச் சொல்லக்கூடாது. பதில் வந்து, கருவி தவறவிட்டிருக்கலாம் அல்லவா?

லினக்ஸ் கெர்னலும் இதே வழியில்தான் போகிறது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட செய்திகளை 5 விநாடிக்கு 10 வரை மட்டுமே இயல்பாக அனுமதித்து, அடக்கியவை எத்தனை என்று ஒரு வரியில் சொல்கிறது. வயர்ஷார்க்கின் இன்றைய லாக் அமைப்பில் எச்சரிக்கை, தகவல், பிழைதிருத்தம் என்று நிலைகள் உண்டு. மிக அதிகமாகப் பேசும் நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் "நாய்ஸி", அதாவது இரைச்சல்! வேண்டும்போது இரைச்சலைத் திறந்துகொள்ளலாம். எந்தப் பகுதியின் பேச்சு வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம்.

மறுப்புகள்

நகலைக் குறைப்பதை எதிர்ப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஒன்றுபோலத் தெரிவதெல்லாம் நகல் இல்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒரே தொகை இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. ஒன்று பற்று, மற்றது வரவு. "ஒரே எண்ணை ஏன் இரண்டு முறை எழுதுகிறீர்கள்" என்று ஒன்றை அழித்தால் கணக்கே போச்சு.

நெறிமுறைகளிலும் அப்படித்தான். ஐபி நான்காம் பதிப்பின் நீளப் புலத்தில் தலைப்பும் சேர்ந்த மொத்த நீளம் இருக்கும். ஆறாம் பதிப்பின் நீளப் புலத்தில் அதன் 40 பைட் தலைப்பு சேராது. யுடிபியில் 8 பைட் தலைப்பும் சேரும். மூன்றுமே 2 பைட் எண்கள். படிக்கும் வரிகள் அச்சுக்கு அச்சு ஒன்றுபோலவே இருக்கும். அவசரப்பட்டு "நீளத்தைக் கையாளும் பொதுச் செயல்பாடு" என்று ஒன்றை எழுதினால், பிறகு அதற்குள் நிபந்தனை மேல் நிபந்தனையாக அடுக்க வேண்டிவரும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி "இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா?" என்பதைவிட, "ஒன்று மாறினால் மற்றதும் மாறியே தீர வேண்டுமா?" என்பதுதான். எல்லைச் சோதனைக்கு விடை ஆம். நீளத்தின் பொருளுக்கு விடை இல்லை.

"ஓடுகிற நிரலில் கை வைக்காதே" என்பது இன்னொரு மறுப்பு. பயம் நியாயமானதே. அதற்கு மருந்து சோதனைக் கோப்புகள். டிசிபிடம்ப்போடு பிடித்து வைத்த பாக்கெட் கோப்புகளும், அவற்றுக்கு வர வேண்டிய விடைகளும் சேர்ந்தே வருகின்றன. நிரலை மாற்றியபின் ஓட்டி, விடையை ஒப்பிட்டால் ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும். இப்படி ஒரு பாதுகாப்பு வலை இல்லாமல் நகலைச் சுத்தம் செய்யக் கிளம்புவது அசட்டுத் துணிச்சல்.

யார் செய்வது?

புதிய நெறிமுறை சேர்த்தவரின் பெயர் வெளியீட்டுக் குறிப்பில் வரும்; கைதட்டல் கிடைக்கும். ஆறு இடத்தில் இருந்ததை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, மூன்று வரிப் புலம்பலை ஒரு வரியாக்கியவரை யாரும் கவனிப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை தள்ளிப்போடப்படுகிறது. எண்பது ஓட்டைகள் ஒரே நாளில் வெளியே வரும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

திறந்த மூல மென்பொருளில் பங்களிக்க விரும்பும் மாணவர்கள் "என்ன புதிதாகச் சேர்க்கலாம்" என்றே யோசிக்கிறார்கள். எதைக் குறைக்கலாம் என்று யோசிப்பவர்கள் குறைவு. ஒரு பிழைச்செய்தியை எடுத்துக்கொண்டு அது எங்கே பிறக்கிறது, எத்தனை பேர் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று தேடிப் போனாலே அந்த மென்பொருளின் பாதி அமைப்பு புரிந்துவிடும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

ஒரு பிழையை எத்தனை முறை சொல்வது? காரணம் தெரிந்தவர், கேட்க வேண்டியவரிடம், ஒரு முறை சொன்னால் போதும். மீண்டும் மீண்டும் நடந்தால் எண்ணிக்கையைச் சொல்லட்டும். பாக்கெட் பிடிக்கும் மென்பொருளுக்கு இந்த ஒழுக்கம் மற்ற மென்பொருள்களைவிட அதிகம் தேவை. ஏனெனில் யாருடைய பேச்சையும் நம்ப முடியாத நிலையில்தான் அதைக் கூப்பிடுகிறார்கள்.